கடைமடைக்கு வந்த வெளிச்சம்



'மின்' என்பது தமிழில் மிகப் பழைய சொல். சங்கப் புலவர்கள் அதைக் கையாண்டபோது அது வானத்து மின்னலையும் ஒளிர்தலையுமே குறித்தது. இன்று அதே சொல்லைக் கேட்டால் கம்பமும் கம்பியும் மின்மானியும் மாதந்தோறும் வந்து சேரும் மின் பட்டியலுமே நம் நினைவுக்கு வருகின்றன. ஆயினும் மின்னுக்கும் மழைக்கும் இடையிலான பழைய உறவு முற்றாக அறுந்துவிடவில்லை. இலங்கையின் மின்சார வரலாற்றில் பெரும்பகுதி நீரின் வரலாறே. கல்லோயா நீரால் வயல் விளைவிக்கும் சம்மாந்துறை, வீரமுனைப் பகுதி மக்களுக்கு இது நன்கு விளங்கும். நீரைத் தேக்குவதும், அதைப் பகிர்வதும், கடைசி வயல்வரை கொண்டுபோய்ச் சேர்ப்பதும் எவ்வளவு சிரமமோ, மின்சாரத்திலும் சிரமங்கள் அவையே. இன்றைய உரையில் அந்த ஒப்புமையை வழித்துணையாகக் கொண்டு மின்சாரத்தின் கதையைப் பார்ப்போம்.

இலங்கையில் மின்னொளி முதலில் வணிகர்களின் கையிலேயே இருந்தது. பௌஸ்டெட் சகோதரர் கம்பனியார் 1895இல் கொழும்புக் கோட்டைப் பகுதிக்கு மின்சாரம் வழங்கத் தொடங்கினர். பின்னர் அரசு இத்துறையைப் பொறுப்பேற்று, 1929இல் புறக்கோட்டையில் ஸ்டான்லி மின்நிலையத்தை நிறுவியது. அதன் ஆற்றல் 3 மெகாவாற். கொழும்புக்கு அது போதும் என்று அன்றைக்குக் கருதப்பட்டது. நாட்டின் பிற பகுதிகளைப் பற்றி எவரும் அதிகம் யோசிக்கவில்லை.

அவ்வாறு யோசித்த ஒருவர் இருந்தார். அவர் பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர. மலைநாட்டு அருவிகளைக் கொண்டு நாடு முழுவதற்கும் மின்சாரம் பெறலாம் என்ற கட்டுரையை அவர் 1918இல் இலங்கைப் பொறியியலாளர் சங்கத்தின் முன் வைத்தார். கெஹெல்கமு ஓயாவும் மஸ்கெலி ஓயாவும் அவர் கணக்கின் மையமாக இருந்தன. குடியேற்ற ஆட்சியினர் அதில் அக்கறை காட்டவில்லை. 1920களில் தொடங்கிய வேலையும் இடைநடுவில் நின்றது. அரச சேவையிலிருந்து ஓய்வுபெற்ற விமலசுரேந்திர 1931இல் அரசாங்க சபைக்குத் தெரிவாகி, அங்கும் இதே கோரிக்கையை எழுப்பினார். ஈற்றில் லக்சபான மின்நிலையம் 25 மெகாவாற் ஆற்றலுடன் இயங்கியபோது ஆண்டு 1950. கட்டுரைக்கும் வெளிச்சத்துக்கும் இடையே 32 ஆண்டுகள் கழிந்திருந்தன. அதன்பின் மூன்று ஆண்டுகளே அவர் உயிர்வாழ்ந்தார். இலங்கையின் மின்துறையில் மிகப் பெரிய இழப்பு கம்பியில் நேர்ந்ததன்று, காலத்தில் நேர்ந்தது என்பதை அவரது வாழ்க்கை காட்டுகின்றது.

ஏறத்தாழ அதே காலத்தில் கிழக்கிலும் ஒரு பெருவேலை நடைபெற்றது. பட்டிப்பளை ஆறு என்று நம் முன்னோர் வழங்கிய கல்லோயாவை மறித்து, 1949இல் தொடங்கிய திட்டத்தின்கீழ் அமெரிக்காவின் மொறிசன் நூட்சன் நிறுவனத்தார் இங்கினியாகலையில் அணை கட்டினர். சேனநாயக்க சமுத்திரம் என்னும் அந்த நீர்த்தேக்கம் 7 இலட்சத்து 70 ஆயிரம் ஏக்கர் அடி நீரைக் கொள்ளும். அத்திட்டம் காட்டை வயலாக்கியது. அதனோடு வந்த குடியேற்றங்கள் இப்பிரதேசத்தின் இன உறவுகளில் ஆறாத காயத்தையும் உண்டாக்கின. 1956இல் கல்லோயாவில் மூண்ட கலவரம் வரலாற்றில் பதிவாகியிருக்கின்றது. இவ்விரண்டையும் சேர்த்தே நாம் நினைவிற்கொள்ள வேண்டும்.

அணையின் அடியில் நான்கு மின்பிறப்பாக்கிகளுடன் ஒரு மின்நிலையமும் அமைந்தது. அதன் மொத்த ஆற்றல் சுமார் 11 மெகாவாற். 210 மெகாவாற் கொண்ட விக்டோரியாவோடு ஒப்பிட்டால் அது ஒரு குப்பிவிளக்கு. இதற்குக் காரணம் எளிது. நீரின் அளவும் அது விழும் உயரமும் சேர்ந்தே மின்வலுவைத் தீர்மானிக்கின்றன. லக்சபானவில் நீர் நூற்றுக்கணக்கான மீற்றர் கீழே பாய்கிறது. இங்கினியாகலையிலோ அணையின் உயரம் தருவதே வீழ்ச்சி. ஆனால் இந்தச் சிறிய நிலையத்துக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. வயலுக்கு நீர் திறந்துவிடும்போதே அதன் சுழலிகள் சுற்றுகின்றன. ஆகவே அது எப்போது இயங்குவது என்பது பெரும்பாலும் விவசாயிகளின் ஆரம்பக் கூட்டத்தில், எந்தத் திகதியில் வாய்க்காலுக்குத் தண்ணீர் விடுவது என்று முடிவாகும்போதே தீர்ந்துவிடுகிறது. சுழலியைச் சுற்றிய நீர் குறைவதுமில்லை, கெடுவதுமில்லை. அப்படியே நம் வயலுக்கு வந்து நெல்லாகிறது. ஒரே நீரில் இரண்டு விளைச்சல் எனலாம்.

இனி, பகிர்வின் கதைக்கு வருவோம். வாய்க்காலில் நீர் கசிவதுபோலக் கம்பியில் மின்சாரமும் வெப்பமாகிக் கசிகின்றது. கம்பியில் ஓடும் மின்னோட்டம் இருமடங்கானால் இழப்பு நான்கு மடங்காகும். இதனாலேயே தூர இடங்களுக்கு அனுப்பும்போது மின்னழுத்தத்தை 132,000 வோற்று, 220,000 வோற்று என உயர்த்தி, மின்னோட்டத்தைக் குறைக்கின்றனர். ஊருக்கு அருகே மின்மாற்றிகள் அதைப் படிப்படியாகத் தணித்து, வீட்டுக்கு 230 வோற்றாகத் தருகின்றன. மின்மாற்றியிலிருந்து நெடுந்தூரம் இழுத்த கம்பியின் கடைசி வீட்டில் அந்த 230 வந்து சேர்வதில்லை. மின்குமிழ் மங்கும், மின்விசிறி சோரும், நீர்ப்பம்பி முனகும். வாய்க்காலின் கடைமடைக்காரன் படும் பாட்டைத்தான் கம்பியின் கடைமடைக்காரனும் படுகின்றான். 2000ஆம் ஆண்டளவில் நாட்டில் பிறப்பிக்கப்பட்ட மின்சாரத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு வழியிலேயே இழக்கப்பட்டது. அண்மைக் காலத்தில் அவ்விழப்பு பத்தில் ஒரு பங்குக்கும் குறைந்துள்ளது. புதிய அணை எதுவும் கட்டாமலே கிடைத்த மின்சாரம் இது.

இதே பாடத்தைக் கல்லோயாவின் இடதுகரை விவசாயிகள் முன்னரே கற்றிருந்தனர். தலைமடைக்காரர் மிகுதியாகத் திறந்துகொள்ள, கடைமடை வயல்கள் காய்ந்த காலம் அது. நீர்த்தேக்கம் மிகவும் வற்றியிருந்த 1981ஆம் ஆண்டில், கமநல ஆராய்ச்சி பயிற்சி நிறுவனமும் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகமும் இணைந்து நடத்திய முயற்சியால் விவசாயிகள் குழுக்களாகச் சேர்ந்து, முறைவைத்து நீரைப் பகிர்ந்து, மிஞ்சியதைக் கீழே விட்டனர். மொழியாலும் மதத்தாலும் வேறுபட்டவர்கள் வாய்க்காலோரம் ஒன்றுகூடினர். பேராசிரியர் நோர்மன் அப்ஹொஃப் அந்த அனுபவத்தை 1992இல் ஒரு நூலாக எழுதினார். நம் வட்டைவிதானைமாருக்கு இது புதிய ஞானமன்று. நீரைப் பெருக்குவதற்கு முன் பகிரக் கற்றுக்கொள் என்பது அவர்கள் நெடுங்காலமாக அறிந்ததே.

வெளிச்சம் கடைமடைக்கு மெதுவாகவே வந்தது. இலங்கை மின்சார சபை 1969இல் நிறுவப்பட்டது. அதன்பின் இருபது ஆண்டுகளுக்கு மேல் கழிந்து 1990 வந்தபோதும், நாட்டின் வீடுகளில் மூன்றிலொரு பங்குக்கும் குறைவானவற்றிலேயே மின்னிணைப்பு இருந்தது. போர்க்காலத்தில் வடக்கின் நிலை இன்னும் மோசம். யாழ்ப்பாணத்து மாணவர்கள் ஜாம் போத்தலில் திரியிட்டு, சில துளி மண்ணெண்ணெயில் படித்துப் பரீட்சை எழுதினர். 2013இல்தான் சுன்னாகம் தேசிய மின்வலையுடன் மீண்டும் இணைந்தது. 2004 டிசம்பர் 26இல் வந்த கடற்கோள் கல்முனை, மருதமுனை, காரைதீவுக் கரைகளில் வீடுகளோடு கம்பங்களையும் வாரிக்கொண்டு போனது. இத்தனை தடைகளையும் கடந்து வந்த மின்குமிழை நாம் இலேசாக எண்ணலாமா?

வெளிச்சம் வந்தபின்னும் அது நிலைக்கும் என்ற உறுதி இருக்கவில்லை. 1996இல் மழை பொய்த்தது. நீரையே பெரிதும் நம்பியிருந்த நாடு நாளொன்றுக்கு எட்டு மணித்தியாலம்வரை இருளில் கிடந்தது. அதன்பின் எண்ணெயும், 2011 முதல் நுரைச்சோலையில் நிலக்கரியும் துணைக்கு வந்தன. மழையை நம்பியிருந்த நிலை மாறி, டொலரை நம்பும் நிலை பிறந்தது. 2022இல் அந்நியச் செலாவணி வற்றியபோது மின்வெட்டு ஒரு கட்டத்தில் நாளுக்கு 13 மணித்தியாலத்தை எட்டியது. ஒன்றையே நம்புவது, அது மழையானாலும் டொலரானாலும், ஆபத்தே.

இப்போது சூரியன் வந்திருக்கின்றான். நாட்டின் கூரைகளில் ஆயிரம் மெகாவாற்றுக்கு மேற்பட்ட சூரிய மின்கலங்கள் பொருத்தப்பட்டுள்ளன. இது மகிழ்ச்சிக்குரியது. ஆனால் மின்சாரத்துக்கு ஒரு குணம் உண்டு. நெல்லைப்போல அதைப் பட்டறை கட்டி வைக்க முடியாது. பிறந்த கணத்திலேயே செலவாக வேண்டும். சூரியன் தருவது பகலில். நாம் மிகுதியாகக் கேட்பதோ மாலை ஆறரைக்கும் பத்தரைக்கும் இடையில். 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு பட்டதால் நாடே இருண்டது. தேவை குறைந்து சூரிய மின்சாரம் மிகுந்திருந்த முற்பகல் அது. கனத்த சுழலிகள் குறைவாகவே சுற்றிக்கொண்டிருந்தமையால் மின்வலை அதிர்ச்சியைத் தாங்கவில்லை. அதே ஆண்டு சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், கூரைச் சூரிய மின்சாரத்தைப் பகலில் நிறுத்திவைக்குமாறு மின்சார சபை மக்களை வேண்டிக்கொண்டது. குளம் நிறைந்து வான் பாயும் நீர் கடலுக்குப் போவதை ஒத்தது இது. இனி வேண்டியது மேலும் மழையன்று, அதைத் தேக்கும் குளம். மின்கல அடுக்குகளும், பகலில் நீரை மேலேற்றி இரவில் இறக்கும் நீர்த்தேக்கங்களும் அந்தக் குளங்களாகும்.

வீட்டிலும் ஒரு குளம் உண்டு. அதுவே சிக்கனம். பழைய இழைமின்குமிழ் உண்ட மின்சாரத்தில் இருபதில் ஒரு பங்கே ஒளியாயிற்று, மற்றெல்லாம் வெப்பம். 60 வாற்று இழைமின்குமிழ் தந்த ஒளியை இன்றைய எல்.ஈ.டி. குமிழ் 9 வாற்றில் தருகின்றது. நீர்ப்பம்பியையும் மின்னழுத்தியையும் மாலையில் இயக்காமல் பகலுக்கு மாற்றினால், அந்த வேளையில் எண்ணெய் எரிக்கும் நிலையமொன்றின் சுமை சிறிது குறையும். ஒரு வீட்டின் கணக்கு சிறிது. ஊரின் கணக்கு பெரிது.

புறநானூற்றுக் குடபுலவியனார் பாண்டியன் நெடுஞ்செழியனுக்கு நீர்நிலைகளைப் பெருக்குமாறு அறிவுரை கூறினார். அவர் இன்று இருந்தால் ஆட்சியாளருக்கு மின்சாரத்தைப் பற்றியும் அதையே கூறியிருப்பார் என்று எண்ணத் தோன்றுகின்றது. வந்ததைத் தேக்கு, தேக்கியதைச் சிந்தாதே, கடைமடையை மறவாதே. தலைமடை செழிப்பதைக் கொண்டு ஒரு வாய்க்காலை எவரும் மெச்சுவதில்லை. கடைசி வயலில் நீர் நின்றால்தான் விதானை நல்லவன். கடைசி வீட்டில் விளக்கு மங்காமல் எரிந்தால்தான் மின்வலையும் நல்லது.