மெஸ்னி கட்டாத முகக்கவசம்

கொரோனா நாட்களில் பால் வாங்கப் போனால், முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கிவிட்டுத்தான் பேசுவேன். வீட்டில் ஆஸ்துமாவோடு மனைவி. மகள் திட்டியும் திருந்தாத என்னைத் திருத்தியது ஒரு பழைய சம்பவம்.

1910 கடைசியில் மஞ்சூரியாவின் ஹார்பின் நகரில் நுரையீரல் பிளேக் பரவியது. பினாங்கில் பிறந்த 31 வயது டாக்டர் வூ லியன் தே, இது மூச்சுவழி தொற்றுகிறது என்றார். காஸ் துணிக்குள் பஞ்சு வைத்து மூக்கையும் வாயையும் சேர்த்துக் கட்டச் சொன்னார். அனுபவம் மிக்க பிரெஞ்சு டாக்டர் மெஸ்னி அதை ஏற்கவில்லை. முகக்கவசம் இல்லாமலே நோயாளிகளைப் பார்த்தார். 1911 ஜனவரியில் பிளேக்கிலேயே இறந்தார். அதன் பிறகுதான் ஊரே முகக்கவசம் கட்டியது.

பிளேக் கிருமி வேறு, கொரோனா வைரஸ் வேறு. ஆனால் நுழையும் வாசல் ஒன்றே. அன்றிலிருந்து மூக்கையும் மூடுகிறேன். முன்பக்கத்தைத் தொடாமல் நாடாவைப் பிடித்துக் கழற்றி, கை கழுவிய பிறகே மனைவியின் அருகில் போகிறேன்.