அனுதின உணவு: ஒரு சொல்லின் வரலாறு



நம் மலைக் கிராமம் ஒன்றில் செபமாலை முடிந்ததும், வயது முதிர்ந்த தாய் ஒருவர் என்னிடம், "சாமி, பரலோக மந்திரத்திலே இன்றைக்குச் சோறு கேட்கிறோம். நாளைக்கு என்ன செய்வது?" என்று கேட்டார். விதைச் சாமையை எடுத்து வைக்காத வீடு மறு ஆண்டு பட்டினி கிடக்கும் என்பதை அறிந்தவர் அவர். அன்று எனக்குச் சரியான பதில் வரவில்லை.

நாம் 'அனுதினம்' என்று சொல்லும் இடத்தில் மத்தேயுவும் (6:11) லூக்காவும் (11:3) எழுதிய கிரேக்கச் சொல் 'எபியூசியோஸ்'. மூன்றாம் நூற்றாண்டில், கிரேக்க மொழியில் வல்லவரான ஓரிஜன், இச்சொல் அறிஞர் நூலிலும் இல்லை, பாமரர் பேச்சிலும் இல்லை, நற்செய்தியாளர்களே ஆக்கியது போலும் என்றார். எகிப்தில் கிடைத்த பழைய செலவுக் கணக்கு ஒன்றில் இச்சொல் இருப்பதாக 1889-ல் வெளியிட்டனர். 1999-ல் வெளிவந்த மறு ஆய்வோ, அங்கிருப்பது 'எண்ணெய்' என்னும் சொல்லே என்று காட்டியது!

இது ஒரு கூட்டுச்சொல். 'எபி' என்பது முன்னொட்டு. அதனோடு 'ஊசியா' (இருப்பு) சேர்ந்தது என்றால், 'உயிர்வாழத் தேவையான உணவு' என்று பொருள்படும். ஆனால் உயிரெழுத்து வரும்போது 'எபி'யின் இகரம் பொதுவாகக் கெடும். ஆகவே, 'வருதல்' என்னும் வினையோடு சேர்ந்த 'எபியூசா'விலிருந்து பிறந்தது என்பர் வேறு சிலர். இங்கே நிற்பது அந்த வினையின் இகரம். திருத்தூதர் பணிகள் 16:11-ல் 'மறுநாள்' என்பதற்கு இச்சொல்லே உள்ளது. அப்படியானால், 'வரும் நாளுக்கான உணவு'.

புனித எரோணிமுஸ் லத்தீனில் மத்தேயுவுக்குப் 'பொருண்மைக்கு மேலான' என்றும், லூக்காவுக்கு 'அன்றாட' என்றும் எழுதினார். முன்னதில் திவ்விய நற்கருணையைக் கண்டோர் பலர். எபிரேயரின் நற்செய்தியில் 'மாகார்', அதாவது 'நாளை', என்று கண்டதாகவும் அவர் குறித்துள்ளார். நம் 'அனுதினம்' அன்றாடப் பொருளைத் தருகிறது. 1995-ல் வந்த பொது மொழிபெயர்ப்பு மத்தேயுவில் 'தேவையான' என்கிறது.

பாலைவனத்தில் மன்னா அன்றன்றைக்கே கிடைத்தது. ஆறாம் நாளிலோ மறுநாளுக்கும் சேர்த்து இரட்டிப்பாகக் கிடைத்தது. ஆகவே அந்தத் தாய்க்கு இன்று சொல்வேன்: அம்மா, உங்கள் நாளையும் அந்தச் செபத்திலே இருக்கிறது. விதைச் சாமையை எடுத்து வையுங்கள். ஆனால் நாம் கேட்பது 'எங்களுக்கு' என்று. பக்கத்து வீட்டுக் குதிர் காலியாக இருந்தால், நம் செபம் இன்னும் முடியவில்லை.