தாளம் தட்டின பெட்டி

1957 அக்டோபர் 31. அமெரிக்காவின் மினியாபொலிஸ்ல கரண்ட் போச்சு. அங்க இதய ஆபரேஷன் முடிஞ்ச குழந்தைகள் சிலருக்கு பேஸ்மேக்கர்தான் உயிர். ஓட்டையைத் தைக்கும்போது இதயத்தின் மின்பாதை அடிபட்டா, துடிப்பு குறைஞ்சு உடம்புக்கு ரத்தம் பத்தாது. அன்றைய பேஸ்மேக்கரோ சுவர் பிளக்கை நம்பினது. ஒயர் எட்டுற தூரம்தான் குழந்தையோட உலகம்.

டாக்டர் லில்லஹை, மருத்துவக் கருவிகளைப் பழுதுபார்த்த ஏர்ல் பேக்கன்கிட்ட பேட்டரியில ஓடுற ஒண்ணைக் கேட்டார். பத்திரிகையில வந்த மெட்ரோனோம் சர்க்யூட், அதாவது இசைக்குத் தாளம் தட்டுற கருவி, பேக்கனுக்கு ஞாபகம் வந்தது. அதையே மாத்தி, நாலே வாரத்துல சின்னப் பெட்டி ரெடி.

நாய்க்கு வெச்சுச் சோதிச்ச மறுநாள் பேக்கன் போய்ப் பார்த்தா, அதே பெட்டி ஒரு குழந்தைக்கு மாட்டியிருக்கு! அவர் கொடுத்தது சோதனைக்கான மாதிரிதான். ஆனா பேட்டரி கையில இருக்கும்போது, குழந்தையை பிளக்கை நம்பி விட லில்லஹைக்கு மனசில்லை. அவசரமா, அக்கறையா? நீங்க அந்த வார்டுல நின்னிருந்தா என்ன செஞ்சிருப்பீங்க?