மெய்யொலிகளின் பிறப்பு

நுரையீரலிலிருந்து எழும் காற்று வாய்க்குள் தடைபட்டோ நெருக்கப்பட்டோ வெளியேறும்போது பிறப்பது மெய்யொலி. தடை நேரும் இடத்தை ஒலிப்பிடம் என்றும், தடுக்கும் விதத்தை ஒலிப்புமுறை என்றும் மொழியியலார் வழங்குவர். அப்போது குரல்வளையிலுள்ள குரல்நாண்கள் அதிர்ந்தால் அது ஒலிப்புடை ஒலி, அதிராவிடில் ஒலிப்பிலா ஒலி.

தமிழ் மெய்கள் 18. இவற்றுள் வல்லினம் ஆறும் மெல்லினம் ஆறும் க-ங, ச-ஞ, ட-ண, த-ந, ப-ம, ற-ன என இணைகளாய் அமைய, ஒவ்வோர் இணைக்கும் ஒரே ஒலிப்பிடத்தை வகுத்துரைக்கிறது தொல்காப்பியத்தின் பிறப்பியல். கருவிகளின் துணையின்றி நா, இதழ் ஆகியவற்றின் அசைவை மட்டும் உற்று நோக்கிக் கண்ட இந்த வகைப்பாடு இன்றைய ஒலியியலுடன் பெரிதும் ஒத்துப்போவது வியப்புக்குரியது.

புதுக்கோட்டை மாவட்டத்து ஊரான அறந்தாங்கியின் பெயரை மெல்ல ஒலித்தால் இவ்விணைகளின் இயக்கம் விளங்கும். 'ந்' ஒலிக்கையில் நாநுனி மேற்பல்லின் அடியில் பொருந்த, மெல்லண்ணம் தாழ்ந்து காற்றை மூக்கின் வழியே விடுகிறது; நா இருந்த இடத்திலேயே இருக்க, மெல்லண்ணம் உயர்ந்து மூக்குவழியை அடைத்தபின் நா விடுபடும்போது 'தா' பிறக்கிறது. 'ங்கி'யிலும் இதுவே நிகழ்கிறது, ஆனால் அண்ணத்தைத் தொடுவது நாவின் பின்பகுதி. மூக்கொலியின்போது அதிரத் தொடங்கிய குரல்நாண்கள் அடுத்த வல்லொலியிலும் ஓயாததால், 'தாய்', 'கிளி' ஆகியவற்றின் முதலில் ஒலிப்பிலாதவையாகிய த, க இரண்டும் இங்கே ஒலிப்புடையவையாகின்றன. ஓரெழுத்து இடம் நோக்கி இவ்வாறு மாறுவதை 1856இல் வெளிவந்த தம் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தில் கால்டுவெல் விரிவாக ஆராய்ந்தார்.

அப்பெயரின் 'ற' தனி ஆய்வுக்குரியது. உயிர்களுக்கிடையே அது நாநுனி ஈறின்மேல் படபடத்து எழும் ஆடொலி. பேச்சிலோ பெரும்பாலும் ரகரத்தோடு கலந்துவிட்டது. ஆடொலியை வல்லினத்தில் சேர்த்தது ஏன் என்னும் ஐயத்துக்கு 'காற்று' போன்ற சொற்கள் விடை தருகின்றன: தமிழகத்துப் பேச்சில் 'காத்து' எனப் பல்லிடத்துக்கு நகர்ந்துவிட்ட அந்த இரட்டை ஒலி, யாழ்ப்பாணத் தமிழில் நாநுனி ஈறை அழுத்தி அடைக்கும் முழு அடைப்பொலியாகவே இன்றும் நிற்கிறது. றகரம் முன்பு அடைப்பொலியாக இருந்ததை இது காட்டுகிறது.

இடையினத்தில் ழகரமே அரிது. ளகரத்துக்கு நாநுனி மேல்நோக்கி மடிந்து அண்ணத்தைத் தொட, காற்று நாவின் விளிம்புகள் வழியே செல்கிறது. ழகரத்துக்கு நா அவ்வாறே மடிந்தும் அண்ணத்தைத் தொடாமல் நிற்க, காற்று நடுவழியே செல்கிறது. இந்தச் சிறு இடைவெளி அடைபடுவதாலேயே தென்மாவட்டப் பேச்சில் 'வாழை' பரவலாக 'வாளை' என ஒலிக்கிறது.