பத்துத் தந்தி வயலின்: யாழ்ப்பாணத்தில் வளர்ந்து ரொக் மேடைக்குப் போன எல். சங்கர்

பில் கொலின்ஸின் "இன் தி எயர் டுநைட்" பாட்டை எங்கட வயசுல கேட்காத ஆக்கள் குறைவு. 1981ல் வந்த பாட்டு. மூன்று நிமிசத்துக்கு மேல ஒன்றும் நடக்காத மாதிரி போய், திடீரென்று ட்ரம்ஸ் வந்து விழும். அந்த ட்ரம்ஸைப் பற்றி எழுதாத ஆளில்லை. ஆனா அதே பாட்டுல வயலினும் இருக்கு. அதை வாசித்தவரின் பெயர் எல். சங்கர். அவருடைய சின்ன வயசு யாழ்ப்பாணத்தில் கழிந்தது.

ரொக் இசையில் பல வாத்தியம் வாசிக்கிற கலைஞர் என்றால் நம்ம மனசுக்கு முதலில் வாறது கிட்டார்காரர்தான். சங்கர் கிட்டார்காரர் இல்லை. ஆனா கிட்டார்காரர் நிற்கிற இடத்துல வயலினோட நின்றவர். பாடினார், சிந்தசைசர் வாசித்தார், கடைசியில் ஒரே உடம்பில் பல வாத்தியம் இருக்கிற ஒரு கருவியையே செய்வித்தார். அந்தக் கதையை இலங்கைப் பக்கத்திலிருந்து பார்ப்பதுதான் இந்தக் கட்டுரை.

சங்கர் 1950ல் சென்னையில் பிறந்தவர். தகப்பன் வி. லட்சுமிநாராயணா வயலின் வித்துவான், யாழ்ப்பாணத்தில் இசை கற்பித்தார். தாய் சீதாலட்சுமி பாடுவார், வீணை வாசிப்பார். அண்ணன்மார் எல். வைத்தியநாதன், எல். சுப்பிரமணியம் இருவரும் வயலின்தான். வைத்தியநாதன் பிறகு சினிமாவுக்கு இசையமைத்தார். "மால்குடி டேஸ்" தொடரின் இசை அவருடையது. அந்தக் காலத்தில் கர்நாடகக் கச்சேரியில் வயலின் என்றால் பாடகருக்குப் பக்கத்தில் இருந்து பின்தொடர்கிற வாத்தியம். அதை முன்வரிசைக்குக் கொண்டுவர வேண்டும் என்பதே லட்சுமிநாராயணாவின் ஆசை. பிள்ளைகள் மூன்று பேரும் அந்த ஆசையோடு வளர்ந்தவர்கள். சங்கர் ஏழு வயதிலேயே மேடை ஏறிவிட்டார்.

அதற்கு அடுத்த வருசம் 1958. சிங்களம் மட்டும் சட்டம் 1956 ஜூனில் வந்தபோதே எங்கட மாவட்டத்து கல்லோயாப் பள்ளத்தாக்கில் தமிழர்கள் கொல்லப்பட்டார்கள். இரண்டு வருசம் கழித்து, 1958 மே மாதக் கடைசியில், கலவரம் நாடு முழுக்கப் பரவியது. அந்தக் கலவரத்தோடு லட்சுமிநாராயணாவின் குடும்பம் இலங்கையை விட்டுச் சென்னைக்குப் போனது. சங்கருக்கு அப்ப எட்டு வயசு.

1969ல் அவர் அமெரிக்கா போனார். வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் இன இசையியலில் கலாநிதிப் பட்டம் முடித்தார். அதே இடத்துக்கு வீணை படிக்க வந்தவர்தான் ஜோன் மெக்லாக்லின். இங்கிலாந்துக்காரர். மைல்ஸ் டேவிஸுடன் வாசித்தவர். 1971ல் மகாவிஷ்ணு ஓர்கெஸ்ட்ரா தொடங்கி, ரொக்கின் சத்தத்தையும் ஜாஸின் கணக்கையும் ஒன்றாக்கியவர். புகழின் உச்சியில் இருக்கும்போதே எலெக்ட்ரிக் கிட்டாரைக் கீழே வைத்துவிட்டு, தரையில் சம்மணம் போட்டு இருந்து வாசிக்க வந்தார். அந்தக் குழு "சக்தி". மெக்லாக்லின் கிட்டார், சங்கர் வயலின், சாகிர் உசேன் தபேலா, விக்கு விநாயக்ராம் கடம். முதல் இசைத்தட்டில் ராம்நாட் ராகவனின் மிருதங்கமும் உண்டு. 1975ல் நியூயோர்க் பக்கத்தில் மேடையில் வைத்தே பதிவான அந்தத் தட்டு 1976ல் வெளிவந்தது.

இங்க ஒரு நுட்பம் கவனிக்கணும். கிட்டாரில் கட்டைகள் இருக்கு. ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போற கமகத்தை அந்தக் கட்டைகள் தடுக்கும். வயலினில் கட்டை கிடையாது. விரல் நினைத்தபடி போகும். சங்கர் வாசிப்பதற்குப் பதில் சொல்ல மெக்லாக்லினுக்குச் சாதாரண கிட்டார் போதவில்லை. கட்டைகளுக்கு இடையே மரத்தைக் குழியாகச் செதுக்கி, தந்தியை வீணை மாதிரி இழுக்கக்கூடிய கிட்டார் ஒன்றைச் செய்வித்தார். அதில் குறுக்கே ஏழு அனுதாபத் தந்திகளும் இருந்தன. உலகத்தின் பெரிய கிட்டார்காரர் ஒருவர், வயலினுக்கு ஈடுகொடுக்கத் தன் வாத்தியத்தையே மாற்றினார். "மேற்கத்தேயம் கிழக்கை எடுத்துக்கொண்டது" என்று ஒற்றை வரியில் முடிக்கிற கதை இல்லை இது.

1978க்குள் சக்தி கலைந்தது. அதே வருசம் நியூயோர்க்கில் ஃபிராங்க் ஸப்பாவின் ஒக்டோபர் மாத மேடையில் சங்கர் வாசித்தார். 1979ல் ஸப்பாவே தயாரித்த "டச் மீ தெயர்" வந்தது. இது சங்கரின் சொந்த ரொக் இசைத்தட்டு.

அதுக்குப் பிறகுதான் அந்த விசித்திரமான வாத்தியம். ரொக்கில் சத்தம் அடியிலிருந்து வரவேண்டும். வயலினோ மேலேயே நிற்கிற வாத்தியம். ஆழமான சுரங்கள் அதுக்கு எட்டாது. ஆகவே சங்கர் இரட்டைக் கழுத்து வயலின் ஒன்றை வடிவமைத்தார். ஒவ்வொரு கழுத்திலும் ஐந்து தந்தி, மொத்தம் பத்து. ஒரு கழுத்து வயலினும் வியோலாவும். மற்றது செலோவும் டபுள் பேஸும். ஒன்றை வாசிக்கும்போது மற்றதன் தந்திகள் தானாக அதிரும். இதைச் செய்துகொடுத்தவர் கென் பார்க்கர், பின்னாளில் பார்க்கர் ஃப்ளை கிட்டாரால் பெயர் பெற்றவர். இரட்டைக் கழுத்து கிட்டாரோடு ஜிம்மி பேஜ் நிற்கிற படத்தைப் பார்த்திருப்பீங்க. அந்த ரொக் யோசனையை ஒரு கர்நாடக வித்துவான் வயலினுக்குக் கொண்டுவந்தார்.

1981ல் பில் கொலின்ஸ். 1986ல் "த எபிடெமிக்ஸ்" என்ற சொந்தக் குழு; அதில் சங்கர் பாடினார், வயலினும் சிந்தசைசரும் வாசித்தார், கிட்டார் ஸ்டீவ் வை. 1989ல் பீட்டர் கேப்ரியலின் "பேஷன்", ஸ்கோர்செஸியின் இயேசு படத்துக்கான இசை. 1993ல் கேப்ரியலின் உலகச் சுற்றுப்பயண மேடைகளில் வயலினும் குரலும்.

இவ்வளவு செய்த ஒருவரை நமக்கு ஏன் தெரியாது? ஒரு காரணம் பெயர். சங்கர் என்றதும் ரவிசங்கர் ஞாபகம் வரும், இல்லாட்டி சங்கர் மகாதேவன். சக்தி 2024ல் கிராமி வாங்கியபோது அதில் இருந்தவர் மகாதேவன்தான். மற்றக் காரணம் இதைவிடப் பெரிசு. இந்திய இசை வரலாற்றில் அவர் இந்தியர். இலங்கை இசை வரலாறு என்று நாம் பேசுவது பைலா, கிளாரன்ஸ் விஜேவர்தன, நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன். எட்டு வயசில் போனவருக்கு அதில் இடமில்லை.

"அவங்க இந்தியக் குடும்பம்தானே, வேலைக்கு வந்து திரும்பிப் போனாங்க" என்று யாராவது சொல்லலாம். பாதி சரி. அவரை "நம்ம ஆள்" என்று கொண்டாடுவதற்காக நான் இதை எழுதல்ல. வெளிநாட்டில் யாராவது ஜெயித்த பிறகு ஊர்ப்பெயரை ஒட்டுவது சுகமான வேலை. நான் கேட்பது வேறு: அந்த வீடு யாழ்ப்பாணத்திலேயே இருந்திருந்தால் அங்கு எத்தனை பிள்ளைகள் அந்தத் தகப்பனிடம் வயலின் படித்திருப்பார்கள்? கலவரத்தின் கணக்கில் செத்தவர்களையும் எரிந்த கடைகளையும் எழுதுகிறோம். நின்றுபோன வகுப்புகளை எழுதுவதில்லை.

அந்தக் கணக்கு 1958ஓட முடியவும் இல்லை. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கின் முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். இந்த முறை துரத்தியவர்கள் வேறு, துரத்தப்பட்டவர்கள் வேறு. ஆனா யாழ்ப்பாணம் இழந்தது அதே மாதிரியான பொருள்தான்: தையல் கற்றுக்கொடுத்தவர், குர்ஆன் ஓதிக்கொடுத்தவர், நல்லாப் பாடின ஒருவர். அவர்களில் ஒருவரும் ஃபிராங்க் ஸப்பாவோடு வாசிக்கவில்லை என்பதற்காக அந்த இழப்பு சின்னதாகாது. ஒருவர் புகழ்பெற்றால்தான் அவர் போனதை நஷ்டமாக எண்ணுவோம் என்றால், நாம் வரலாறு எழுதல்ல, விளம்பரம் எழுதுறோம்.

சங்கரில் ஒன்றைத்தான் கேட்க நேரம் இருக்கு என்றால், ரொக்கைப் பிறகு கேளுங்க. 1980ல் பதிவான "ஹூஸ் டு நோ" என்ற தட்டைத் தேடுங்க. அதில் பத்துத் தந்தி வயலினோடு உமையாள்புரம் சிவராமன் மிருதங்கம், சாகிர் உசேன் தபேலா. தாளம் போட்டு நடத்துகிறவர் வி. லட்சுமிநாராயணா, யாழ்ப்பாணத்தில் இசை கற்பித்த அதே தகப்பன்.