நிறச் சோதனையும் நீதியும்

பினாங்குத் தீவின் பழைய வருவாய்க் கணக்குகளை ஆராய்வார்க்கு அபின் குத்தகையின் பெருமதிப்பு எளிதிற் புலனாகும். பத்தொன்பதாம் நூற்றாண்டில், காய்ச்சிய அபினாகிய 'சண்டு'வை விற்கும் உரிமையை ஆங்கில ஆட்சி குத்தகைக்கு விட்டது. குத்தகைதாரர் தம் சொந்தக் காவலரைக் கொண்டு கள்ளச் சரக்கைத் தேடினர். அந்நாளில் எழுந்த வினா, 'இஃது அபினா?' என்பதன்று, 'இஃது எவர் விற்ற அபின்?' என்பதே. 1910இல் அரசே அவ்விற்பனையை மேற்கொண்டது. இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர், 1946இல், அபின் அடியோடு தடுக்கப்பட்டது. அதன்பின் வினாவும் மாறியது: 'கையிலுள்ள பொருள் யாது?'

இவ்வினாவிற்கு உடனடி விடை தரும் முறை முன்னரே தோன்றியிருந்தது. எஸ்தோனியாவின் தார்த்து நகரில் மார்க்விஸ் என்பார் 1896இல் அதனை வெளியிட்டார். அடர் கந்தக அமிலத்தில் ஃபார்மலின் சிறிது கலந்த நீர்மத்தில் ஐயத்திற்குரிய தூளை ஒரு சிட்டிகை இடவேண்டும். மார்ஃபின், ஹெராயின் ஆயின் ஊதா நிறம் தோன்றும். ஆம்ஃபெட்டமின் ஆயின் செம்மஞ்சள் நிறம் தோன்றும். சிறு குப்பியே போதுமாதலின், பிடித்த இடத்திலேயே சோதிக்கலாம்.

ஆயினும் இதன் எல்லையை மறத்தலாகாது. மருந்தாகப் பயன்படும் கோடீனும் அதே ஊதா நிறத்தையே தரும். சிறுநீர்ச் சோதனையிலும் இத்தகைய மயக்கம் உண்டு. குருமாவிற்கு அரைக்கும் கசகசா அபின் செடியின் விதையேயாதலின், அதனை உண்டவர் சிறுநீரிலும் மார்ஃபின் காணப்படலாம். இதனாலேயே அமெரிக்க அரசு, ஊழியர்க்கான சோதனை வரம்பை 1998இல் ஒரு மில்லிலிட்டருக்கு 300 நானோகிராமிலிருந்து 2000 ஆக உயர்த்தியது.

மற்றொரு குறையும் உண்டு. நிறம் பொருளின் வகையைக் குறிப்பாற் காட்டுமேயன்றி அளவைக் காட்டாது. மலேசியச் சட்டமோ அளவைக் கேட்கிறது. ஹெராயின் 15 கிராம் எனில், வைத்திருந்தவர் கடத்தியவர் என்றே கருதப்படுவார். கடத்தலுக்கு 1983இல் மரண தண்டனை கட்டாயமாக்கப்பட்டது. அவ்வாண்டு நவம்பரில் பாயான் லெப்பாஸ் விமான நிலையத்தில் ஹெராயினுடன் பிடிபட்ட ஆஸ்திரேலியர் இருவர் 1986இல் தூக்கிலிடப்பட்டனர். தண்டனையின் கட்டாயம் 2023இல் நீங்கிற்று. மரண தண்டனை நீங்கவில்லை.

ஆதலின், தூளில் மெய்யாகவே உள்ள ஹெராயின் எத்தனை கிராம் என்பதை வேதியியலார் ஆய்வுக்கூடத்தில் அளந்து உரைத்தல் வேண்டும். குப்பியின் நிறம் ஐயத்தை எழுப்பலாம். ஓர் உயிரின் முடிவை அதன்மேல் நிறுத்துதல் நீதியாகாது.