கந்தளாய் நெல்லும் கூப்பன் அரிசியும்

திருகோணமலை மாவட்டத்தின் நெல்விளை நிலங்களுள் சிறப்பிடம் பெறுவது கந்தளாய். அதன் பெருங்குளத்தைக் குளக்கோட்டன் கட்டுவித்தான் எனக் கோணேசர் கல்வெட்டு கூறும். சூளவம்சமோ அதனை ஏழாம் நூற்றாண்டு மன்னனாகிய இரண்டாம் அக்கபோதியின் பணியாகக் காட்டும். கட்டியவர் யாராயினும், குளத்துநீர் விளைவித்த நெல் எவரெவரைச் சேரவேண்டும் என்னும் வினா அங்கு மிகப் பழையதாகும். கோணேசர் கல்வெட்டு காட்டும் ஒழுங்கில், கோயிற் பணி செய்தோர் தத்தம் பணிக்கேற்ற பங்கைப் பெற்றனர். அது பிறப்போடும் தொழிலோடும் பிணைந்த பங்கு. மனிதராய் இருத்தல் ஒன்றே தகுதியாக, யாவர்க்கும் ஓர் அளவு என்னும் முறை இலங்கையில் இருபதாம் நூற்றாண்டிலேயே தோன்றியது. அதனை மக்கள் கூப்பன் அரிசி என்றனர்.

அனைவர்க்கும் அடிப்படை வருமானம் வழங்கும் திட்டம் பற்றி இன்று உலகெங்கும் பேசப்படுகின்றது. மிதவாத இடதுசாரிகள் இதில் ஒருமித்த கருத்தினர் அல்லர். வறியவர் எனத் தம்மை எண்பிக்கவேண்டிய இழிவை இத்திட்டம் நீக்கும் என்பர் ஒருசாரார். செல்வர்க்கும் கொடுப்பது வீண்செலவு. இலவசக் கல்வியையும் மருத்துவத்தையும் அகற்றுதற்கு இது சாட்டாகிவிடும் என்பர் மறுசாரார். கூப்பன் அரிசி பணமன்று, பண்டம். வாழ்க்கைச் செலவு முழுவதையும் அது ஈடுசெய்ததுமில்லை. எனினும், ஆள் ஒவ்வொருவர்க்கும் நிபந்தனையின்றி உரியது என்ற வகையில் அடிப்படை வருமானத்துக்கு அது நெருங்கிய உறவுடையது. ஆகவே அதன் வரலாறு இவ்விவாதத்தில் நோக்கற்பாலது.

1942இல் பர்மா யப்பானியர் வசமானபோது இலங்கைக்கு வந்துகொண்டிருந்த அரிசி தடைப்பட்டது. அவ்வாண்டிலே பங்கீட்டு முறை நடைமுறைக்கு வந்தது. போர் முடிந்த பின்னரும் அது நிலைத்தது. அரசு நட்டத்தை ஏற்று, ஒரு கொத்து அரிசியை 25 சதத்துக்கு வழங்கிற்று. 1953 யூலையில் நிதியமைச்சர் ஜே. ஆர். ஜயவர்த்தன அவ்விலையை 70 சதமாக உயர்த்தினார். பாடசாலைப் பிள்ளைகளின் மதிய உணவும் நிறுத்தப்பட்டது. லங்கா சமசமாஜக் கட்சி முன்னின்று அழைப்பு விடுத்த ஹர்த்தால் ஓகத்து 12ஆம் நாள் நாட்டை உலுக்கியது. அமைச்சரவை கொழும்புத் துறைமுகத்தில் நின்ற பிரித்தானியப் போர்க்கப்பலிற் கூடவேண்டியதாயிற்று. ஒக்டோபரில் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலகினார். பின்னர் விலை படிப்படியாகக் குறைந்து, 1960இல் மீண்டும் 25 சதமாயிற்று. 1962இல் அரைக் கொத்தைக் குறைக்க முற்பட்ட நிதியமைச்சர் பீலிக்ஸ் டயஸ் பண்டாரநாயக்கவும் அப்பதவியைத் துறக்க நேர்ந்தது. எல்லார்க்கும் உரியதாய் இருந்த காரணத்தாலேயே அதனைக் காக்க எல்லாரும் எழுந்தனர் எனலாம்.

இக்காலத்தில் அரசின் கை கந்தளாயை இரு வழிகளில் எட்டியது. குடியேற்றத் திட்டத்து விவசாயியின் நெல்லை உத்தரவாத விலைத் திட்டத்தின்கீழ் அரசு வாங்கியது. 1952இல் அவ்விலை புசலுக்கு 12 ரூபாவாக இருந்தது. மறுபுறம், சங்கக் கடையிலே கூப்பனுக்கு மலிவு அரிசி கிடைத்தது. விளைவிப்போனுக்குக் கூடிய விலை, உண்போனுக்குக் குறைந்த விலை. இடைவெளியை நிரப்பியது திறைசேரி. தேயிலை, இறப்பர் ஏற்றுமதி வருமானம் குன்றியபோது அத்திறைசேரி தளர்ந்தது. கனியைச் சுவைத்தபின் மரத்தை நட எண்ணும் நாடு என்னும் கருத்தமையப் பொருளியலறிஞர் யோன் றொபின்சன் கூறியது இந்நிலையை நோக்கியே.

1966இன் இறுதியில் ஐக்கிய தேசியக் கட்சி அரசு இரு கொத்தை ஒன்றாக்கி, அதனை இலவசமாக்கியது. இரண்டாம் கொத்தை மீட்டுத்தருவோம் என்ற வாக்குறுதியுடன் 1970இல் ஐக்கிய முன்னணி ஆட்சிக்கு வந்தது. ஹர்த்தாலை நடத்திய கட்சியின் தலைவர் என். எம். பெரேரா நிதியமைச்சரானார். ஆயின் 1973ஆம் ஆண்டளவில் உலகச் சந்தையில் தானிய விலையும் எண்ணெய் விலையும் ஒருங்கே ஏறின. பங்கீடு சுருங்கியது, வருமான வரி செலுத்துவோர் இலவச அரிசி பெறுவதினின்றும் நீக்கப்பட்டனர். 1974இல் மரணவீதம் உயர்ந்தது. மலையகத் தோட்டங்களில் அது மிகக் கொடிதாயிற்று. செல்வர்க்கு எதற்கு அரிசி என்ற வாதம் நீதியானதாகவே தோன்றியது. ஆனால், யாவர்க்கும் உரியது என்ற கோட்பாட்டின் முதல் விரிசல் அதனைப் போராடிக் காத்தவர்களின் ஆட்சியிலேயே ஏற்பட்டமை கருதத்தக்கது.

அவ்விரிசலின் வழியே அடுத்த ஆட்சி நெடுந்தூரம் சென்றது. 1978இல் மாத வருமானம் 300 ரூபாவுக்கு உட்பட்ட குடும்பங்களுக்கே பங்கீடு என வரையறுக்கப்பட்டது. ஏறத்தாழ நாட்டின் அரைவாசிப் பேர் விலக்கப்பட்டனர். 1979இல் அரிசிக்குப் பதிலாக உணவு முத்திரை வந்தது. முத்திரையின் பெறுமதி மாறாதிருக்க விலைவாசி ஏறியது. சில ஆண்டுகளிலேயே அதன் கொள்வலு பாதியளவுக்குத் தேய்ந்தது. இம்முறை நாடு தழுவிய ஹர்த்தால் எழவில்லை.

மாத வருமானம் என்னும் அளவுகோல் கந்தளாய் போன்ற ஊரில் எங்ஙனம் பொருந்தும்? பெரும்போகத்திலும் சிறுபோகத்திலும் அறுவடை செய்பவனுக்கு மாத வருமானம் என ஒன்றில்லை. மழை பொய்த்துக் குளம் நிரம்பாவிடின் ஒரு போகமே இல்லாமற் போகும். சீனித் தொழிற்சாலையிற் சம்பளம் பெற்றவரின் வருமானம் ஏட்டிலே பதிவானது. நாட்கூலிக்குக் கரும்பு வெட்டியவரின் வருமானத்தை அளந்தவர் யார்? அளக்கவியலாததை அளக்க முற்படும்போது, தகுதியை முடிவுசெய்யும் அதிகாரம் அலுவலரிடமும் அரசியல்வாதியிடமும் சென்றுவிடுகின்றது. ஜனசவிய, சமுர்த்தி, 2023இன் அஸ்வெசும என்று பெயர்கள் மாறினும், பட்டியலில் இடம்பெறத் தவறியோரின் முறைப்பாடு மாறவில்லை. இந்தியா 1997இல் வறியோரைத் தெரிந்து வழங்கும் முறைக்கு மாறியபோதும், தமிழ்நாடு எல்லார்க்கும் அரிசி என்னும் முறையைக் கைவிடாதமை இங்கு ஒப்புநோக்கத்தக்கது.

இதுகாறும் கூறியவற்றால் இரண்டு உண்மைகள் பெறப்படும். உற்பத்தியும் வரியும் தாங்காத உரிமை நெடுங்காலம் நில்லாது. அதுபோலவே, வறியோர்க்கு மட்டும் எனச் சுருக்கப்பட்ட உரிமை தன்னைக் காப்போரை இழந்துவிடும். செல்வரிடமிருந்து மீளப்பெறவேண்டியதை வரியின் வாயிலாகப் பெறுவதே தக்கது. கூப்பனிலிருந்து அவர் பெயரை வெட்டுவதன் வாயிலாகப் பெற முயன்றபோது இழப்பு வறியோர்க்கே ஆயிற்று. அடிப்படை வருமானத்தை ஆதரிப்போரும் மறுப்போரும் இவ்விரு உண்மைகளையும் ஒருங்கு வைத்து எண்ணுதல் வேண்டும்.